ஒத்திக்கு வாங்கிய விளையாட்டுகள்

பாளையங்கோட்டையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் குடும்பத்தோடு போய் ஒரு வாரம் தங்குவது வழக்கம். போகும்போது என் பையின் பக்கவாட்டு அறையில், சட்டை ஒன்றில் சுற்றிய நான்கைந்து வீடியோ கேம் டிஸ்குகள் இருக்கும். அக்கா மகனுக்கு மாமா கொண்டுபோகும் சீர் அதுதான். 2021-இன் இறுதியில் சோனியின் விளையாட்டுக் கருவியான பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) வாங்கியபோது என்னுடைய பழைய பிஎஸ்4-ஐ அவனுக்குக் கொடுத்தேன். அதற்குரிய டிஸ்குகளில் விற்காமல் மிச்சமிருந்தவற்றை அடுத்த இரண்டு விடுமுறைகளில் தவணை முறையில் கொண்டுபோய்த் தீர்த்தேன். 2024 மே மாதம் முதன்முறையாக வெறுங்கையோடு போனேன். வண்டியை விட்டு இறங்கியதும் அவன் என் பையைத்தான் வாங்கினான், பக்கவாட்டு அறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை ஒண்ணும் இல்லையா மாமா?" என்றான்.

"எல்லாம் இருக்குடா. என் அக்கவுண்ட்ல இருக்கு."

"அப்போ எனக்குத் தர முடியாதா?"

தர முடியும் என்று வீம்பாகச் சொன்னேன். நான் வாங்கியிருந்தது டிஸ்க் போடும் வசதியே இல்லாத டிஜிட்டல் எடிஷன். அதில் வாங்கிய விளையாட்டுகளில் சில பிஎஸ்4-இலும் ஓடக்கூடியவை. மைல்ஸ் மொராலெஸ் என்ற சிலந்தி மனிதன் விளையாட்டு அவற்றில் ஒன்று. 2020-இல் இரண்டு தலைமுறைக் கருவிகளுக்கும் சேர்த்தே வெளியானது. அவனுடைய பிஎஸ்4-இல் என் கணக்கைத் திறந்து, அதை என் முதன்மைக் கருவியாகப் பதிவு செய்துவிட்டால் அவனும் விளையாடலாம். தொலைக்காட்சியின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்து, திரையில் எழுத்துகளை ஒவ்வொன்றாக நகர்த்திக் கடவுச்சொல்லை அடித்து, அந்தக் கணக்கில் என் கிரெடிட் கார்டு சேமிக்கப்பட்டிருப்பது நினைவுக்கு வந்து அதை நீக்கி, ஒருவழியாகப் பதிவிறக்கத்தைத் தொடங்கினேன். ஏறத்தாழ 50 ஜிபி. அக்கா வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது. அத்தானின் செல்பேசியிலிருந்துதான் இணையம், அதுவும் நாளொன்றுக்கு 1.5 ஜிபி. திரையின் கீழே அந்த நீலக் கோடு ஒரு நகக்கண் அளவுக்கு வளர்ந்தது. மாலைக்குள் அன்றைய அளவு தீர்ந்துபோய், அத்தானுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு புகைப்படம்கூட இறங்கவில்லை. நான் மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். வீட்டில் வேறு யாரும் இணையத்தைத் தொடாமல் இருந்தால் முப்பத்துநான்கு நாட்கள். பள்ளி திறந்துவிடும்.

வன்தட்டில் ஏற்றிக் கொண்டுபோயிருக்கலாமே என்று கேட்கும் வாசகர்கள் இருப்பார்கள். அப்படிக் கொண்டுபோயிருந்தாலும் என் கணக்கு அந்தக் கருவியில் திறந்திருந்தால்தான் அது ஓடும். அவனுக்குக் கொடுத்ததாக ஆகாது, என் பெயரில் அவன் விளையாட அனுமதித்ததாகத்தான் ஆகும். பதினான்கு வயதுப் பையனுக்கு இந்த வேறுபாட்டை விளக்க முயன்று தோற்றேன்.

அன்றிரவு மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தபோது அத்தான் இதைப் பற்றிப் பேச்செடுத்தார். அவர் விளையாடுகிறவர் அல்லர். ஆனால் கணக்கு என்று வந்தால் விடமாட்டார். முன்பு டிஸ்க் என்ன விலைக்கு வாங்கினேன், என்ன விலைக்கு விற்றேன், இப்போது என்ன செய்கிறேன் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "மாப்ள, நீ சொல்றதப் பாத்தா அந்த டிஸ்க்கு ஒத்தி மாதிரில்லா இருந்திருக்கு. நாங்க இந்த வீட்டுக்கு நாலு லட்சம் கொடுத்துருக்கோம், காலி பண்ணும்போது நாலு லட்சம் கைக்கு வந்துரும். இப்போ நீ வாங்குறது என்ன கணக்கு? வாடகையும் இல்ல, ஒத்தியும் இல்ல, கிரயமும் இல்ல" என்றார். நான் சிரித்தேன். ஆனால் அந்த மூன்று சொற்களும் சென்னைக்குத் திரும்பும் ரயிலில் என்னைத் தூங்கவிடவில்லை, ஏனென்றால் டிஜிட்டல்தான் மலிவு என்று பல ஆண்டுகளாக நண்பர்களிடம் வாதாடி வந்தவன் நான்.

பழைய டைரி

வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் ஒரு டைரியைத் தேடி எடுத்தேன். பிஎஸ்4 வாங்கிய 2016 முதல் ஒவ்வொரு டிஸ்கையும் எவ்வளவுக்கு வாங்கினேன், எவ்வளவுக்குத் தள்ளினேன் என்று அதில் குறித்து வைத்திருந்தேன். என் அப்பா பால் கணக்கு எழுதியதைப் பார்த்து வந்த பழக்கம். 2021 வரை மொத்தம் முப்பத்தொரு டிஸ்குகள். கொடுத்த பணம் 62,400 ரூபாய். அவற்றில் இருபத்திரண்டை விற்றதில் 35,200 திரும்ப வந்திருக்கிறது. ஆகக் கையை விட்டுப் போனது 27,200 ரூபாய்; ஒரு விளையாட்டுக்கு 900 ரூபாய்க்கும் குறைவு. விற்காத ஒன்பது அக்கா மகனிடம் இருந்தன, அவற்றுக்கு நான் மதிப்புப் போடவில்லை. அதன் பிறகு டிஜிட்டலில் வாங்கியவற்றுக்கு வங்கிக் குறுஞ்செய்திகளிலிருந்து கணக்கெடுத்தேன். பத்தொன்பது விளையாட்டுகள், 38,950 ரூபாய். ஒன்றுக்கு 2,050. இவற்றில் பெரும்பாலானவை பாதி விலைத் தள்ளுபடியில் வாங்கியவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தள்ளுபடிக்காகக் காத்திருந்து வாங்கிவிட்டேன் என்ற பெருமிதத்தோடு வாங்கியவை.

பிஎஸ்5 இந்தியாவில் 2021 பிப்ரவரியில் வந்தபோது டிஸ்க் போடும் கருவி 49,990 ரூபாய், டிஜிட்டல் எடிஷன் 39,990 ரூபாய். அந்தப் பத்தாயிரம் மிச்சம் என்றுதான் இதை வாங்கினேன். பத்தொன்பது விளையாட்டுகளும் பழைய கணக்குப்படி எனக்கு வந்திருந்தால் சுமார் 16,700 ரூபாய்தான் போயிருக்கும். பத்தாயிரத்தை மிச்சம் பிடிக்கப் போய் இருபத்திரண்டாயிரத்தைக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன். இந்த ஒப்பீடு அப்படியே துல்லியமானது என்று நான் வாதிடவில்லை. பிஎஸ்4 காலத்தில் 3,999 ரூபாயாக இருந்த புது விளையாட்டு பிஎஸ்5-க்கு 4,999 ஆகிவிட்டது, ஆகவே டிஸ்காக வாங்கியிருந்தாலும் நிகரச் செலவு சற்று ஏறியிருக்கும். ஆனாலும் திசை மாறாது.

டைரியில் எனக்கு மிகவும் பிடித்த வரி ஒன்று உண்டு. "வா: 1,500. வி: 1,200." ஏழு வாரம் விளையாடி முடித்த ஒரு பெரிய விளையாட்டுக்கு நான் கொடுத்தது முந்நூறு ரூபாய். அதே விளையாட்டு அந்த ஆண்டுத் தீபாவளியை ஒட்டி ஆன்லைன் கடையில் பாதி விலைக்கு, 1,999 ரூபாய்க்கு வந்தபோது, எவ்வளவு மலிவு என்று நண்பன் ஒருவன் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தான். நானும் ஆமாம் என்று பதில் போட்டிருக்கிறேன். விற்கும் விலை என்ற ஒன்று இருப்பதையே நாங்கள் இருவரும் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டுக்கு நகை எடுக்கும்போது செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பீர்கள் என்று மூன்று கடை ஏறி இறங்கும் குடும்பத்தில் பிறந்தவன், முழுப் பணமும் சேதாரமாகிப் போகிற ஒரு பொருளைத் தள்ளுபடி என்ற ஒரு சொல்லுக்காக வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டியூப் லைட்டின் கீழே

சென்னை ரிச்சி தெருவில் பழைய டிஸ்க் வாங்கி விற்கும், நான் வாடிக்கையாகப் போகும் கடை மாடிப்படியின் அடியில் இருக்கிறது. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டும். பழைய டிஸ்கை நீட்டினால் கடைக்காரர் முதலில் பெட்டியைத் திறந்து, நடுவிரலால் மையத்தை அமுக்கி டிஸ்கை எடுப்பார். விளிம்பை மட்டும் பிடித்து டியூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்து, வானவில் நிறம் மேலிருந்து கீழ்வரை ஓடுகிறதா என்று மெதுவாகத் திருப்பிப் பார்ப்பார். ஏதாவது தட்டுப்பட்டால் வாயால் ஊதி, சட்டை நுனியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைப்பார்; வட்டமாகத் துடைத்தால் கீறல் கூடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். பிறகுதான் விலை. "கேஸ் ஒடஞ்சிருக்குண்ணே, நூறு கம்மி பண்ணிக்கோங்க" என்பார். நான் முந்நூறு கூட்டிக் கேட்பேன், நூற்றைம்பதில் முடியும். எனக்கு முன்னால் நின்ற கல்லூரி மாணவன் கொடுத்த டிஸ்கை, அவர் அதைத் தட்டில் அடுக்குவதற்குள்ளாகவே நான் கேட்டு வாங்கிய நாட்களும் உண்டு.

விலை அங்கே பேசி முடிவாகிறது என்பதுதான் முக்கியம். டிஸ்குக்கு அந்தத் தெருவிலேயே பல கடைகள், போதாக்குறைக்கு ஆன்லைன் வணிகத் தளங்கள், வாட்ஸ்அப் குழுக்கள். புது டிஸ்கின் அட்டையில் 3,999 என்று அச்சிட்டிருந்தாலும், வெளியாகி இரண்டு மாதம் ஆனால் யாரோ ஒருவர் இருப்பைத் தள்ள 2,999-க்குக் கொடுத்துவிடுவார். டிஜிட்டல் எடிஷன் வாங்கியவனுக்குக் கடை ஒன்றே ஒன்று. கருவியைச் செய்தவரே கடைக்காரர், விலையின் ஏற்ற இறக்கமும் தள்ளுபடியின் நாளும் அங்கேதான் முடிவாகின்றன. பெட்டி இல்லை, அச்சு இல்லை, லாரி இல்லை, மாடிப்படிக் கடைக்காரரின் லாபமும் இல்லை. அப்படியிருந்தும் வெளியாகும் நாளில் பதிவிறக்கத்தின் விலையும் டிஸ்கின் விலையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. ஜிஎஸ்டி இரண்டுக்கும் உண்டு. டிஜிட்டல் கடைகள் விற்பனையில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் பங்கு முப்பது விழுக்காடு என்பதும், கடைகளில் டிஸ்க் விற்பவர்களைப் பகைத்துக்கொள்ள வெளியீட்டாளர்கள் விரும்புவதில்லை என்பதும் காரணங்களாகச் சொல்லப்படுவதுண்டு. காரணம் எதுவாயினும், லாரி வாடகை மிச்சமானதில் என் பங்குக்கு எதுவும் வரவில்லை.

இவற்றையெல்லாம் தெரிந்துதான் செய்கிறார்கள் என்பதற்கு 2013-ஐ நினைத்துக்கொண்டால் போதும். பிஎஸ்4-க்குப் போட்டியாக எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியை அறிவித்த மைக்ரோசாஃப்ட், நாளுக்கு ஒருமுறை இணையத்தில் இணைந்து சரிபார்க்க வேண்டும், பழைய டிஸ்கைக் கைமாற்றுவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு என்றது. உடனே சோனி அரை நிமிடம்கூட ஓடாத ஒரு காணொளியை வெளியிட்டது. விளையாட்டைப் பகிர்வது எப்படி என்று காட்டுவது அது. ஒருவர் பெட்டியை நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறார், முடிந்தது. மைக்ரோசாஃப்ட் அந்த ஜூன் மாதத்திலேயே பின்வாங்கியது. நானும் அந்தக் காணொளியைக் கண்டு கைதட்டியவன்தான், பிஎஸ்4 வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். ஏழே ஆண்டுகளில் அதே சோனி டிஸ்க் நுழைய வாயே இல்லாத கருவியை விற்றது. அதையும் நானேதான் வாங்கினேன். யாரும் என்னை மிரட்டவில்லை. பத்தாயிரம் ரூபாய் குறைத்தார்கள், நான் போய்விட்டேன்.

டிஸ்க் என்ற நம்பிக்கை

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு டிஸ்க் வாழ்க என்று எழுதிவிட என்னால் முடியவில்லை. கணினியில் விளையாடிய காலத்தை மறைத்தால்தான் அது முடியும். கல்லூரி நாட்களில் பர்மா பஜாரில் ஐம்பதுக்கும் நூறுக்கும் விற்ற திருட்டு சிடிகளை வாங்கி விளையாடிய கூட்டத்தில் நானும் ஒருவன். என்னைக் காசு கொடுத்து வாங்குபவனாக மாற்றியது, கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் என்ற கடை. அது 2015-இன் இறுதியில் ரூபாயில் விலை போடத் தொடங்கி, டெபிட் கார்டிலேயே வாங்கலாம் என்று ஆனபோது, எழுபத்தைந்து விழுக்காடு தள்ளுபடியில் நான் வாங்கிக் குவித்தவை ஏராளம். கணினி உலகில் டிஸ்கை மறுவிற்பனை செய்வது அதற்கு வெகு காலம் முன்பே செத்துவிட்டது. 2004-இல் ஹாஃப் லைஃப் 2 என்ற விளையாட்டைக் கடையில் பெட்டியாக வாங்கியவரும் அதை ஒரு ஸ்டீம் கணக்கோடு பிணைத்தாக வேண்டியிருந்தது. இழக்க எதுவும் இல்லாத இடத்தில் டிஜிட்டல் மலிவாகவே வந்தது. பல விற்பனையாளர்கள் போட்டியிடுவதால் இன்றும் அங்கே மலிவுதான். டிஜிட்டல் மலிவு என்ற என் பல்லவி அங்கே பிறந்தது. அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பிஎஸ்5-க்கும் பாடியதுதான் பிழை.

டிஸ்க் கையில் இருந்தால் விளையாட்டு நம்முடையது என்பதும் முழு உண்மையாக இல்லை. 2014-இல் வெளியான தி க்ரூ என்ற கார்ப் பந்தய விளையாட்டை அதன் வெளியீட்டாளரான யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று அணைத்தது. சர்வர் இல்லாமல் அது ஓடாது என்பதால், பெட்டியோடு வாங்கி அலமாரியில் வைத்திருந்தவரின் டிஸ்கும் அன்றோடு வெறும் வட்டமாகிவிட்டது. அதிலிருந்து கிளம்பிய இயக்கம், விற்ற விளையாட்டை இப்படி ஓடாமல் செய்யக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்திடம் சட்டம் கேட்டுப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டியது. கலிஃபோர்னியா 2024 செப்டம்பரில் வேறு ஒரு வழியில் போனது: உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு சட்டம். அது நடைமுறைக்கு வரும் முன்பே, அந்த அக்டோபரில், ஸ்டீமின் பணம் கட்டும் பக்கத்தில் ஒரு சிறிய வரி முளைத்தது. இதன் மூலம் நீங்கள் பெறுவது ஓர் உரிமம் என்று அது சொல்கிறது. என் திரையிலும் அந்த வரி வந்தது. அத்தான் கேட்ட கேள்விக்கு ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்ததாக நினைத்துக்கொண்டேன். அந்த வரியின் பொருள் இதுதான்: குடியிருக்க இடம் கொடுக்கிறோம், முன்பணமாக வாங்கியதைத் திருப்பித் தரமாட்டோம், காலி செய்யும் தேதியை நாங்கள் சொல்வோம். ஒத்திப் பத்திரத்தில் இப்படி எழுதினால் பாளையங்கோட்டையில் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

வேடிக்கை என்னவென்றால், இரண்டையும் கலந்த கலவையும் வந்துவிட்டது. 2025 ஜூனில் வெளியான நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 என்ற விளையாட்டுக் கருவிக்குச் சில விளையாட்டுகள் சாவி அட்டைகளாக வருகின்றன. கடையில் பெட்டி வாங்கலாம், உள்ளே அட்டை இருக்கும், அட்டைக்குள் விளையாட்டு இருக்காது. இணையத்தில் இறக்கிக்கொள்ள வேண்டும், விளையாடும்போதெல்லாம் அட்டையும் செருகியிருக்க வேண்டும். சேகரிப்பாளர்கள் திட்டித் தீர்த்தார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் இந்த அட்டையை விற்கலாம், இரவல் தரலாம். என் டைரியின் கணக்குப்படி பார்த்தால் முழுப் பதிவிறக்கத்தைவிட இதுவே மேல். அக்கா வீட்டு இணையத்தின்படி பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

பழைய டிஸ்க் விற்பதால் விளையாட்டைச் செய்தவருக்கு ஒரு காசும் போவதில்லை என்ற வாதத்தையும் பல காலம் யோசித்தேன். அது உண்மைதான். டைரியைப் புரட்டினால் வேறொன்றும் தெரிகிறது: விற்ற பணம் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடுத்த டிஸ்குக்குப் போயிருக்கிறது, அவற்றில் மூன்றில் ஒன்று புத்தம் புதியது. 3,999 ரூபாய் கொடுத்துப் புதிதாக வாங்கும் துணிவு எனக்கு வந்ததே 2,500 திரும்ப வரும் என்ற தைரியத்தில்தான். இப்போது 4,999 என்று பார்த்ததும் தள்ளுபடி வரட்டும் என்று விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறேன். வெளியான வாரத்தில் நான் முழு விலைக்கு வாங்கிய டிஜிட்டல் விளையாட்டு இதுவரை ஒன்றே ஒன்று.

2025 மே மாதம் ஊருக்குக் கிளம்பும் முந்தைய நாள் ரிச்சி தெருவுக்குப் போனேன். மெட்ரோவில் இறங்கி நடந்து போனபோது, கடை இருக்குமா என்ற சந்தேகம் இருந்தது. இருந்தது, ஆனால் முன்வரிசையில் செல்பேசி உறைகளும் சார்ஜர்களும் தொங்கின, டிஸ்குகள் பின்சுவரில் இரண்டு தட்டுகளுக்குச் சுருங்கியிருந்தன. மைல்ஸ் மொராலெஸ், பிஎஸ்4, இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் ஏணி போட்டு எடுத்தார். "நீங்கதான் பிஎஸ்5 வெச்சிருக்கீங்களேண்ணே, இது யாருக்கு?" என்றார். என்னிடம் ஏற்கனவே இருக்கும் ஒரு விளையாட்டைத்தான் வாங்குகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இந்த முறை டியூப் லைட்டின் கீழே டிஸ்கைத் திருப்பிப் பார்த்தது நான். உறையின் உள்பக்கத்தில் முன்பு வைத்திருந்த யாரோ பால்பாயிண்ட் பேனாவால் தன் பெயரின் முதலெழுத்துகளைக் கிறுக்கியிருந்தார். 1,300 சொன்னார், 1,100-க்கு முடித்தேன். டைரியில் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு புது வரி விழுந்தது, 'வி' என்ற இடம் மட்டும் காலி.

இணையத்தைத் தொடாமலே அன்று மாலை அக்கா வீட்டில் அது ஓடத் தொடங்கியது. ஜூலையில் ஏதோ வேலையாக அக்காவுக்குப் போன் செய்தபோது அவனும் பேசினான். கடைசிக் கட்டம் வரை போய்விட்டானா என்று கேட்டேன்.

"அது எப்பவோ முடிஞ்சிட்டு மாமா. கிளாஸ்ல ஒருத்தன்ட்ட கொடுத்துட்டு வேற டிஸ்க் வாங்கிட்டேன். கூட முந்நூறு ரூவா கேட்டான், அப்பா எரநூறு கொடுத்தாங்க, அதுலயே பேசி முடிச்சிட்டேன்."